அழாத ஈயம்

அண்ணி,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் நவச்சாரப் புகை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. மழைமரத்தடியில் குழி வெட்டி, துருத்தி வைத்து, ஒருவர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்தார். மூக்கைக் கடிக்கும் அந்த வெள்ளைப் புகை வந்ததும் கால் தானாக நின்றது. "எந்த ஈயம் அண்ணே?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஈயக் குச்சியைப் பழைய பேப்பரில் அழுத்தி இழுத்துக் காட்டினார். கோடு விழவில்லை.

"வெள்ளீயம்தான் ஐயா. கறுப்பு ஈயத்த வச்சிக்கிட்டு இந்தத் தெருவுல கடை போட முடியுமா? ரயில் கார்டு வீட்டம்மா இருந்த தெருவாச்சே இது."

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த மனிதர் இந்த ஊருக்கு வந்தே மூன்று மாதம்தானாம். உங்களைக் கண்ணால் கண்டதில்லை. அவருக்கு முன்னால் அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. நாள் முழுக்க நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வருத்தத்தால் அல்ல. அன்றைக்கு அம்பாங்கிலிருந்து ரயிலில் திரும்பும்போது அடித்துக்கொண்டதே, அதே படபடப்பு. அதை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஐரோப்பியச் சண்டை முடிந்த மறு வருஷம் எனக்கு உடம்பு கெட ஆரம்பித்தது. அண்ணன் ரயிலில் கார்டு. நான் அதே ரயில்வேயில் கடிதம் எழுதும் குமாஸ்தா, இந்த ஊர்ப் பேச்சில் கிராணி. கல்யாணமாகாதவன், உங்கள் இருவரோடும் குவாட்டர்சில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் முறைக்கு நீங்கள் அண்ணி, நான் தம்பி.

முதலில் காய்ச்சல் வந்தது. பல் கிட்டும் குளிர், பிறகு வியர்வை. இந்த ஊரில் அது யாருக்குத்தான் வரவில்லை? ஆனால் காய்ச்சல் இல்லாத நாட்களிலும் தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணி பிழிவதுபோல ஒரு வலி. நான்கு நாள், ஐந்து நாள் வெளிக்குப் போகாது. முகம் சாம்பல் பூத்தது. மூட்டெல்லாம் குடைச்சல். செப்புக்காசைச் சப்பியதுபோல வாயில் ஒரு ருசி. காரணமில்லாமல் கோபம் வந்து, உங்கள்மேல்கூட ஒருமுறை தட்டை வீசி எறிந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மலேரியா என்று கொயினா கொடுத்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்த அண்ணனின் சிநேகிதர் கொக்கிப்புழு என்றார். செந்தூல் வைத்தியர் வாயு என்று லேகியம் கிண்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் செய்வினை என்றார்கள். ஆபீசில் எங்கள் பெரிய கிராணி மட்டும் மருந்து எதுவும் சொல்லவில்லை. வேலைக்கு மட்டம் போடும் சாக்கு என்று நினைத்து, 'திங்கக்கிழமை வலி' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொருவர் சொன்னதும் கொஞ்சம் பலித்தது. கொயினாவில் குளிர் நின்றது. புழு மருந்தில் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. லேகியம் தின்ற மறுநாள் வயிறு இளகியது. அடுத்த வாரமே வலி பழையபடி வந்து உட்கார்ந்தது. என்னை நானே சந்தேகப்படத் தொடங்கினேன். ஒருநாள் உங்களிடம், "எல்லாம் என் மனசுதான் போல, அண்ணி" என்றேன். நீங்கள் பின்கட்டில் தலை சீவிக்கொண்டிருந்தீர்கள்.

"மனசுக்கு அஞ்சு நாள் வெளிக்குப் போகாதா, தம்பி?" என்று கேட்டீர்கள். பிறகு சீப்பை நிறுத்திவிட்டு, "ஒரே நோயின்னு யாரு சொன்னா? ரெண்டு மூணு ஒண்ணா வந்து உக்காந்திருக்கலாம். சிக்கு விழுந்த முடிய ஒரேயடியா இழுத்தா பிடுங்கிக்கிட்டுத்தான் வரும். நுனியிலேர்ந்து எடுக்கணும்" என்றீர்கள்.

அன்றிலிருந்து நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எல்லாம் என் உடம்பின் கதை ஆயிற்று. மூன்றாம் வகுப்புப் படிப்பில் நீங்கள் எழுதிய கோணல் எழுத்துகள்: காலையில் வலி, மத்தியானம் இல்லை, சாயங்காலம் உண்டு, என்ன தின்றேன், எங்கே போனேன். ஒரு மருந்தை ஆரம்பித்தால் அது முடியும்வரை வேறு மருந்தைத் தொட விடமாட்டீர்கள். இரண்டு மாதம் கழித்துத் தாள்களைத் தரையில் பரப்பினீர்கள்.

"குளிர் போச்சு. அது கொயினாவுக்குக் கட்டுப்பட்டது. மொகத்துச் சாம்பல் பாதி போச்சு. அது புழு. மீதி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல. அதத்தான் பிடிக்கணும்."

உங்கள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. என் வயிற்றுவலி உங்களுக்குத் திருவிழாவா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளான் ஸ்டேஷனில் ஒருவருக்குப் பதிலாக ஏழு வாரம் வேலை பார்க்க என்னை அனுப்பினார்கள். மரைக்காயர் கடையில் சாப்பாடு, கடைக்கு மேலேயே ஒரு அறை. மூன்றாவது வாரம் வலி குறைந்தது. ஐந்தாவது வாரம் ஒருநாள் தபால் பையோடு ஓடிப்போய் ரயிலில் ஏறினேன், ஏறிய பிறகுதான் ஓடினோம் என்பது உறைத்தது. சந்தோஷம் தாங்காமல் உங்களுக்குக் கடிதம் எழுதினேன். தபால் கார்டில் ஒரே வரியில் பதில் வந்தது: 'நல்லது. சீக்கிரம் திரும்பி வந்து மறுபடி வலிக்கிறதா என்று பாருங்கள்.'

திரும்பி வந்தேன், வலித்தது. ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமாகியது. ஒரு காலை ஆபீசில் பேனாவை எடுத்தபோது வலது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டுபோல மடங்கித் தொங்கியது. விரலுக்குப் பலம் இருக்கிறது, கையை நிமிர்த்த மட்டும் முடியவில்லை. எழுதாத கிராணியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார் பெரிய கிராணி. அதற்குப் பிறகு கப்பலேற வேண்டியதுதான்.

நீங்கள் மட்டும் தளரவில்லை. "கிள்ளான்ல இல்லாதது இங்க இருக்கு. இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றீர்கள். என் பாயை வராந்தாவுக்கு மாற்றினீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தீர்கள். எண்ணெயை மாற்றினீர்கள். ஒன்றிலும் பிடி கிடைக்கவில்லை. "அதே வீட்டுல உங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?" என்று அடுப்படியில் உங்களோடு நீங்களே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கையைக் காட்டுவதற்காக மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே புதிதாக வந்திருந்த, காயத்துக்கு மருந்து கட்டும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் ஒருவர் கையைப் பார்த்தார், பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்.

"நீர் பெயிண்ட் அடிக்கிற வேலையோ?"

"இல்லைங்க, கிராணி."

"அப்ப அச்சுக்கூடமோ? உம்மட பல்லீறிலே நீலக்கோடு கிடக்குது. காரீயம் உடம்பிலே சேர்ந்தவைக்குத்தான் இப்படி வாறது. உமக்கு எப்படி வந்ததெண்டுதான் விளங்கேல்லை."

வீட்டுக்கு வந்து இதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் அண்ணனின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனீர்கள். உதட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லி என் ஈறைப் பார்த்தீர்கள். பிறகு கண்ணாடியைத் திருப்பி உங்கள் ஈறைப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள்.

"எனக்கும் இருக்கு, தம்பி."

அப்போதுதான் சொன்னீர்கள், இரண்டு வருஷமாக உங்களுக்கும் அதே வலி என்று. "பொம்பளைக்கு வயித்துவலின்னா யாரு கேக்கப்போறா. நானும் என்னையக் கேட்டுக்கல." அந்த இரண்டு வருஷத்தில் நான்காம் மாதத்தில் ஒன்றும் ஐந்தாம் மாதத்தில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள் உங்கள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. குவாட்டர்ஸ் வரிசை முழுவதும் உங்களை ராசியில்லாதவள் என்று பேசியது எனக்கும் தெரியும்.

"நான் எந்த அச்சுக்கூடத்துக்குப் போனேன்? நீங்களும் நானும் திங்கறோம், அவரு தொடறதில்ல. என்ன அது?"

அண்ணனுக்குப் பாதிச் சாப்பாடு ரயிலில். வீட்டில் இருந்தாலும் புளி ஒத்துக்கொள்ளாது, மோர்தான். எனக்கு மூன்று வேளையும் ரசம் வேண்டும். உங்களுக்கும் அப்படித்தான். இருவரும் ஒரே சமயத்தில் அடுப்படியில் இருந்த ரசச் சொம்பைப் பார்த்தோம்.

அது உங்கள் அம்மா கொடுத்த ஈயச் சொம்பு. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது, ரசம் வைத்தால் இதில்தான் வைக்க வேண்டும் என்று கையில் திணித்தாராம். மறு வருஷம் அவர் காலமானார். அம்மாவின் பொருளாக உங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"ஈயச் சொம்புன்னா வெள்ளீயம், அண்ணி. காரீயத்துல யாரு சமைப்பா?" என்றேன்.

"வாங்கறவங்க சமைக்க மாட்டாங்க, தம்பி. ஆனா விக்கிறவன் கலப்பான்."

மறுநாள் காலை சொம்பைத் துணியில் கட்டிக்கொண்டு, ஈயச் சுரங்கங்கள் இருக்கும் அம்பாங்குக்கு ரயிலில் ஏறினோம். அண்ணன் பிறை ஊருக்குப் போகும் வண்டியில் வேலைக்குப் போயிருந்தார். கொழுந்தனோடு எங்கே கிளம்பிவிட்டாள் என்று நான்கு ஜன்னல்கள் பார்த்தன. நீங்கள் எதையும் பார்க்கவில்லை. ஈயத்தை நன்றாகத் தெரிந்தவன் ஈயம் உருக்கும் இடத்தில்தான் இருப்பான் என்பது உங்கள் கணக்கு. உருக்கும் கொட்டகையில் ஒரு சீனக் கங்காணி இருந்தார், தலை நரைத்தவர். எங்கள் அரைகுறைக் கடைத்தெரு மலாயில் விஷயத்தைச் சொன்னோம். சொம்பை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சாயாங்லா" என்றார், வீணாக்குகிறீர்களே என்று.

"வெட்டுங்க" என்றீர்கள் தமிழிலேயே. அவருக்குப் புரிந்தது.

முதலில் சுத்தமான ஈயக் குச்சி ஒன்றை எடுத்து உங்கள் காதருகே பிடித்து வளைத்தார். க்ரீச் என்று மெல்லிய சத்தம் வந்தது. நல்ல ஈயத்தை வளைத்தால் அழும் என்றார். பிறகு சொம்பின் விளிம்பிலிருந்து வெட்டிய பட்டையை வளைத்தார். சத்தமே இல்லை. பட்டையைப் பேப்பரில் தேய்த்தார், கறுப்பாகக் கோடு விழுந்தது. "தீமா ஹீத்தாம்" என்றார். கறுப்பு ஈயம். மலாயிலும் அதற்கு நம்முடைய பெயர்தான், அண்ணி.

இன்னொரு முறை வளைக்கச் சொன்னீர்கள். பிறகு பட்டையை வாங்கி நீங்களே காதருகே வைத்து வளைத்தீர்கள். மூன்றாம் முறையும் அது அழவில்லை. நீங்கள் அழுதீர்கள்.

ரயிலில் திரும்பும்போது பாதி வழியில் உங்கள் முகம் மாறியது. "எங்கம்மா தெரிஞ்சு குடுக்கல. நான் தெரிஞ்சு ஊத்தல. ஆனா இப்பத் தெரிஞ்சுபோச்சு தம்பி, தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது, கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அப்படி ஒரு ரயில் பயணத்தை நான் அதற்குப் பிறகு போகவில்லை.

வெட்டிய துண்டை டிரஸ்ஸரிடம் கொண்டுபோனோம். அவர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் உங்களை நாற்காலியில் உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். காரீயம் கலந்த பாத்திரத்தில் தினமும் புளி கொதித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். போன பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்டபோது, "இருக்கலாம் அம்மா, உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார். நீங்கள் தலையசைத்தீர்கள்.

அன்றிலிருந்து மண்சட்டியில் ரசம். என் மணிக்கட்டுக்கு மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கட்டினீர்கள். அந்தக் கட்டோடு மாதக் கடைசியில் நான் எழுதிய கடிதத்தைப் பெரிய கிராணி நெடுநேரம் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். திங்கக்கிழமை வலி என்ற பேச்சு அதோடு நின்றது. மூன்றாம் மாதம் வயிற்றுவலி போனது. கை மட்டும் அடம் பிடித்தது. தீபாவளியன்று நீங்கள் எனக்குச் சோறு வைத்துக்கொண்டே போனீர்கள். போதும் என்று கையை உயர்த்தினேன். மணிக்கட்டு மடங்காமல் கை உயர்ந்தது. நீங்கள் கரண்டியோடு அப்படியே நின்றீர்கள். அண்ணன் ஒன்றும் விளங்காமல், "சாம்பார் இருக்கா இல்லையா?" என்று கேட்டார்.

அதற்கு மறு வருஷம் உங்களுக்கு மகள் பிறந்தாள். டாக்டருக்கு உறுதி இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்கள் வீடு வீடாகப் போய்ப் பாத்திரங்களைப் பேப்பரில் தேய்த்ததை இந்தத் தெரு பார்த்தது. இரண்டு வீட்டுச் சொம்புகள் கறுப்புக் கோடு போட்டன. ராசியில்லாதவள் என்று சொன்ன அம்மாளின் சொம்பும் அதில் ஒன்று. அவருக்கு அதை நீங்கள் சொன்ன விதம் இருக்கிறதே, குத்தலாக ஒரு வார்த்தை இல்லை. "இனிமே மண்சட்டியில வைங்கக்கா, ருசி பழகிடும்" என்றீர்கள்.

போன மாசியில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். மூன்று நாளில் எதைத்தான் கண்டுபிடிக்க முடியும்? உங்கள் மகள் உங்களைப்போலவே கேள்வி கேட்கிறாள், அண்ணனுக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை.

நான் இப்போது பெரிய கிராணி. போன செவ்வாய்க்கிழமை சரக்கு ஷெட்டில் வேலை பார்க்கும் ஒருவரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைசுற்றல் என்கிறார், முதுகு எரிகிறது என்கிறார், ஒரு மாதத்தில் பாதி நாள் வேலைக்கு வரவில்லை. நடிக்கிறார் என்றார் கூட வந்தவர். கூட வந்தவரை வெளியே போகச் சொன்னேன். அந்த மனிதரை உட்கார வைத்து, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, "மொதல் நாள்லேர்ந்து சொல்லுங்க, நான் நம்பறேன்" என்றேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார்.

அவருக்கு என்ன நோய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அண்ணி. ஆனால் நான் எழுதிய தாளைப் பார்த்தால், மழை நாளில் அவருக்கு எரிச்சல் இல்லை. அது ஏன் என்று இன்று முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.