ஹால்வர்சன் கேட்கமாட்டாராம்

இரும்புலியூர்
ஜூன் 16

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். நீங்கள் இரண்டு பேரும் சௌக்கியமா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை மனசு வரவில்லை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குப் பேப்பரில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார். எதிர்வீட்டு சந்திரிகா மகனைப் பார்க்க அங்கே வருகிறாள். அவள் பையில் வடகத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

ஊர்ச் செய்தி முதலில். தேர்தல் முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்டது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்களே, அப்பாவும் வழக்கம்போல் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். படப்பையில் நிலம் இருந்தபோது காட்டுப்பன்றிக்காக உன் தாத்தா வாங்கியது. இப்போது அங்கே பன்றியும் இல்லை, வேர்க்கடலையும் இல்லை, மனை போட்டு விற்றாயிற்று. திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பியும் அப்பா போகவில்லை. கேட்டால், அங்கேயே இருக்கட்டும், நான் யாரைச் சுடப்போகிறேன் என்கிறார்.

நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிக்னிக்கில் அந்த ஹால்வர்சன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறார். அவர் போலீஸா அரசியல்வாதியா என்றே முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் ஷெரீப் பதவிக்கு நிற்கிறார், ஷெரீப் என்றால் மாவட்டப் போலீசுக்குத் தலைவர், அங்கே அவரையும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அப்பா விளக்கினார். நம்ம இன்ஸ்பெக்டர் தாம்பரம் மார்க்கெட்டில் கும்பிட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். அப்புறம் அவர் பேச்சை அப்பா தமிழில் சொல்லச் சொல்ல, சிரிப்பு போய்விட்டது.

குற்றம் செய்யாதவன் துப்பாக்கி வைத்திருப்பது அவன் உரிமை, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக பர்மிட் கேட்டால், எதற்கு என்று கேட்க நான் யார் என்கிறார். இப்போது இருக்கிற ஷெரீப் மாதக்கணக்கில் இழுக்கிறாராம். வீட்டில் கூட இருப்பவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறாராம். அது குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கிற வேலை, நான் வந்தால் அதெல்லாம் கேட்கமாட்டேன் என்கிறார். நீங்கள் கூப்பிட்டால் என் வண்டி வந்து சேர இருபது நிமிஷம் ஆகும், அதுவரை உங்களை யார் காப்பாற்றுவது என்றும் கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிப்ரவரியில் நீ வேலை செய்கிற மருந்துக்கடையில் ஒருத்தன் உன் முகத்துக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி மாத்திரைகளை வாரிக்கொண்டு போனான். அவன் கையில் இருந்தது என் பெண் கையிலும் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நானே நினைத்தேன். சுவரில் மாட்டியிருக்கும் சனியனை வெளியே அனுப்புங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பாவோடு சண்டை போட்டவள் நான். நானா இப்படி நினைத்தேன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு நேரம் ஹால்வர்சன் சொல்வது சரியென்று படுகிறது. எழுந்துபோய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வந்தால் தப்பென்று படுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பர்மிட் கேட்டு எழுதிப்போட்டிருப்பது நீ இல்லை, மாப்பிள்ளை. அது கிடைத்ததும் துப்பாக்கி வாங்கப்போகிறார் என்றாய். கடைக்குள் யாரும் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது என்று உன் முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாக நீதான் சொன்னாய். அப்படியென்றால், நீ கடையில் நிற்கிற நேரமெல்லாம் அது வீட்டில் யாரோடு இருக்கும்?

மாப்பிள்ளைக்கு வேலை போனது ஜனவரியில். ரெஸ்ட் எடுக்கிறார் என்கிறாய். நானும்தான் வீடியோவில் பார்க்கிறேன். எப்போது கூப்பிட்டாலும் அதே சாம்பல் நிற டி-ஷர்ட், மழிக்காத தாடி. வத்தக்குழம்பு ஏன் கசக்கிறது என்று என்னிடம் வம்பு பேசுகிற பிள்ளை, இப்போது சரி அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போகிறார். போன வாரம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது உனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ கவனிக்கவில்லையா, கவனித்தும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் ஒரு பாதி அப்பாவுக்கும் தெரியாது. நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தபோது, திருமுடிவாக்கத்தில் அப்பாவின் லேத் பட்டறையை மூடினோம் அல்லவா. அதற்கப்புறம் அவர் சட்டையே மாற்றாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மத்தியானம் நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். ஹாலில் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தோட்டா டப்பா திறந்திருந்தது. என்ன செய்கிறீர்கள் என்றேன். துடைக்கிறேன் என்றார். கையில் துணி இல்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த துவரம்பருப்பை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கினேன். விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவராகவே அதைத் திரும்ப மாட்டினார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் புதுப்பிக்கிற விசாரணைக்கு எஸ்.ஐ. வந்தார். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, இன்னாம்மா, சாருக்கு இது இன்னும் எதுக்கு, வூட்ல எல்லாம் சரியா கீதா என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். சரியாக இல்லை சார் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், பேப்பர்ல ஒரு சிக்கல் கீது சார், முடியற வரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லி, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். பேஜார் பண்றான் அந்த ஆள் என்று திட்டித் தீர்த்தார். நான் வாயே திறக்கவில்லை. அப்புறம் பக்கத்துப் பட்டறை ஜாகிர் பாய் வந்து, சும்மா உட்கார்ந்திருந்தா எப்படிண்ணா, என் பட்டறையைப் பார்த்துக்க ஆள் வேணும் என்று கூட்டிக்கொண்டு போனார். ரசத்தில் உப்பு இல்லை என்று அப்பா பழையபடி என் மேல் கத்திய அன்றைக்கு எனக்கு உயிர் வந்தது. அதற்கப்புறம்தான் அந்த எஸ்.ஐ. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்.

நீ யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருபது நிமிஷம் தனியாக நிற்கிற பயம் உனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த ஷெரீப் ஆபீசிலிருந்து உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால், எனக்காக ஒன்று செய். சட்டென்று எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. மாப்பிள்ளை தங்கமானவர். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
சாவித்ரி


இரும்புலியூர்
நவம்பர் 17

அன்புள்ள ஜெயஸ்ரீக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். முடிச்சூர் ரோட்டில் மறுபடி தண்ணீர் நிற்கிறது, நம் தெருவில் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

என் கடிதம் கிடைத்த பிறகு பல வாரம் நீ சரியாகப் பேசாதபோது, பெண்ணின் குடும்பத்தில் கையை விட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று தவித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ காரை ஓரமாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னபோது போனில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

அந்த ஆபீஸ்காரர் கூப்பிட்டதும், அவர் தூங்குவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். பர்மிட்டை நிறுத்திவிட்டார்கள். கட்டின பெண்டாட்டியே என்னைப் பைத்தியம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள் என்று மாப்பிள்ளை தட்டை வீசியதையும், எத்தனையோ நாள் உன்னோடு பேசாமல் இருந்ததையும் நீ தனியாகவே தாங்கியிருக்கிறாய். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். பிறகு ஒருநாள் நீ பாத்திரம் கழுவும்போது சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்து, நீ அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது என்றாராமே. டாக்டரிடம் அவரே கிளம்பிப் போனார் என்பதுதான் எனக்கு நிம்மதி. மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்.

ஹால்வர்சன் ஜெயித்துவிட்டார் என்றாய். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்றாய். கேள்வி கேட்ட ஆளிடம் உண்மையைச் சொன்னாய். கேட்கமாட்டேன் என்ற ஆளுக்கு ஓட்டுப் போட்டாய். ஏன் என்றேன். கடையில் அந்த ஆள் நின்ற இடத்தை இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன் அம்மா என்றாய். அது புரிகிறது. இதுவும் புரிகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றும் புரியவில்லை. மறுபடி எழுதிப்போட்டால் புது ஷெரீப் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிடுவாரே என்று கவலைப்பட்டேன். எனக்கு வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்கிறாய். இன்றைக்குச் சொல்கிறார். அதை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த எஸ்.ஐ.யிடம் நான் சொன்னதை அப்பாவிடம் இப்போதுதான் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, அந்த எஸ்.ஐ. இப்போ எங்கே இருக்கார், அவரை ரொம்பப் பேசிட்டேனே என்றார். பிறகு மாப்பிள்ளைக்கு அவரே போன் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினீர்கள் என்றால், பட்டறை மூடின கதைதான் என்கிறார். இங்கே வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்று கூப்பிட்டதும் அப்பாதான். டிசம்பரில் வருகிறேன் என்றாராம்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. காலையில் அப்பாவோடு நடப்பார், எனக்கு மாவு அரைத்துக் கொடுப்பார், ஒன்றும் பேசவேண்டாம், சும்மா இருக்கட்டும். அவரை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

ஆனால் ஜெயஸ்ரீ, டிக்கெட் அவருக்கு மட்டும் போட்டிருப்பதாகச் சொன்னாய். கடையில் லீவு கிடைக்காது, பண்டிகை நேரம் என்றாய். எப்படியாவது கேள். வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ, போதும். நடுவில் ஏதோ ஊரில் விமானம் மாற அத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டுமாமே. அந்த நேரத்தில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கவேண்டாம். உன்னையும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் கண்ணு. கடையில் அது நடந்ததிலிருந்து நான் உன்னை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டு பேருமாக வாருங்கள்.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்திருக்கும்,
அம்மா