சுகுமாறன் சட்டைப் பையில் பச்சை விளக்கு

ஜூன் 4, செவ்வாய்

இன்று மதியம் ஆபீசில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சார்ஜில் கிடந்த சுகுமாறனின் போன் விளக்கின் மேல், கறுப்பு வயர் டேப்பில் கடுகளவு வெட்டி ஒட்டிவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருக்கிறாள். செய்த வேலை இது. ஏர்கோன் பதினெட்டில் ஓடியும் முதுகு நனைந்துவிட்டது.

ஏன் செய்தேன் என்றும் எழுதிவிடுகிறேன். பின்னால் படிக்கும்போது எனக்கே புரியாமல் போகலாம்.

என் பழைய போனுக்கு நெற்றியில் ஒரு பொட்டு விளக்கு இருந்தது. வாட்சப் வந்தால் பச்சை, எடுக்காத அழைப்புக்கு நீலம், சார்ஜ் தீரும்போது சிவப்பு. காலையில் பெரட்டில், வேலைக்கு வந்த ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அதை மேசைமேல் வைத்துக்கொள்வேன். மினுக், மினுக். தூரத்தில் நிற்பவன், கிராணியை யாரோ மந்திரி தேடுகிறார் போல என்று நினைப்பான். வந்தது முக்கால்வாசி ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்தான். அது அவனுக்கு எதற்கு?

ஏப்ரலில் அது எடைமேடையில் விழுந்து, மேலே செம்பனை லோரி ஏறிவிட்டது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் மாதவி புதிது வாங்கி அனுப்பினாள். கேமரா மூன்று. விளக்கு இல்லை. எந்தப் பக்கம் போட்டாலும் உடைந்த ஓட்டுத் துண்டு மாதிரி செத்துக் கிடக்கிறது. கேட்டால், "இப்ப எந்தப் போன்லயும் அது வர்றதில்லப்பா" என்கிறாள், ஏதோ நான் மண்ணெண்ணெய் விளக்கு கேட்ட மாதிரி.

அதனால் வந்த வினை இது. விசுவலிங்கம் ஐயா எங்கள் மாரியம்மன் கோயில் தலைவர். தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ரெம்பாவில் வீடு. போன வாரம் கோயில் வாட்சப் குழுவில் போட்டார்: "இவ்வருடத் திருவிழாவில் மைக் பிடிக்க விரும்புபவர் பதில் போடவும். முதலில் போடுபவருக்கே." உபயம், பந்தல், மோர் என்று எல்லாவற்றுக்கும் இப்போது இதுதான் சட்டம். முன்பெல்லாம் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வோம். நாற்காலிகள் உடைந்ததால் சட்டம் மாறியது.

பதினேழு வருடம் அந்த மைக் என் கையில் இருந்தது. அறிவிப்புக்கு நடுவே நான் அடிக்கும் ஜோக்குக்காகவே பக்கத்து ஊரான சுவாவிலிருந்து ஆள் வரும். காலையில் வந்த அந்தச் செய்தியை நான் பார்க்கும்போது மணி பதினொன்று. விளக்கு இருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பதே காலுக்கே டிராக்டர் ஓட்டும் சுகுமாறன், "நான் பேசுறேன் ஐயா" என்று போட்டுவிட்டான்.

அவனுடையது ஒன்பது வருடப் பழைய போன். விளக்குள்ள போன். சட்டைத் துணிக்குள்ளிருந்து பச்சையாகத் துடிக்கிறது, எனக்குக் காட்டுவதற்கென்றே.

ஜூன் 5, புதன்

டேப் அப்படியே இருக்கிறது. அவன் கவனிக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். மனைவி ரதி வைத்திருந்தது பாகற்காய்.

ஜூன் 7, வெள்ளி

பெரட்டு கலைந்ததும் சுகுமாறன் என் மேசைக்கு வந்தான். அடிபட்ட கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான்.

"அண்ணே, லைட்டு செத்துப் போச்சுண்ணே. ஜொகூர்ல பெரிய மக மாசமா இருக்கா. டிராக்டர் சத்தத்துல ரிங்கு கேக்காது. லைட்டப் பாத்துதான் வண்டிய நிறுத்துவேன்."

தோட்டத்திலேயே போன் தெரிந்த ஆள் நான் என்று நம்பி வந்திருக்கிறான். கொடுடா பார்ப்போம் என்று வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, நகத்தால் சுரண்டி எடுத்தேன். எடுத்த துண்டு விரலைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உதறியும் போகவில்லை. கடைசியில் கால்சட்டையில் தேய்த்தேன். "செட்டிங்தான்டா" என்று கொடுத்தேன். விளக்கு மினுங்கியது. மகள் மூன்று செய்தி அனுப்பியிருந்தாள். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். நல்லவேளை, மூன்றுமே மாங்காய் ஊறுகாய் கேட்டு.

வாசல்வரை போனவன் நின்றான். "மைக்கு விசயத்துல கோவமாண்ணே? நீங்க போடுவீங்கன்னுதான் ரொம்ப நேரம் பாத்தேன். யாருமே போடல. ஐயாவப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

விளக்கு இல்லாத போனைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். பாவம், நம்பினான்.

மாலையில் ரிப்பேருக்கு நன்றி என்று டுரியான் ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். ரதி இரண்டு சுளை முடித்துவிட்டு, அப்படி என்ன ரிப்பேர் பண்ணீங்க என்று கேட்டாள். நுணுக்கமான வேலை என்றேன். நான் தொடவில்லை. சரி, ஒரு சுளை.

ஜூன் 9, ஞாயிறு

மாதவி ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். செய்தி வந்தால் கேமரா வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும்படி வைக்கலாமாம். நேற்று வைத்தேன். இன்று மம்பாவில் ரதியின் சித்தப்பா வீட்டில் சாவு.

போன் சட்டைப் பையில், கேமரா வெளிப்பக்கம் பார்த்தபடி. வாய்க்கரிசி போடக் குனிகிறேன் — கிழவர் முகத்தில் பளீர். பளீர். பளீர். ஒப்பாரி வைத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெரிய மச்சான் வீரமுத்து என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

"போட்டோ எடுக்கறதுனா கேட்டுட்டு எடுங்க மாப்ள."

நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்திலும் நாலு அடித்தது. அனுப்பியது யார்? சுகுமாறன். வரவேற்புரையை ஒன்பது துண்டாக எழுதிக் குழுவில் போட்டு, சரியா என்று கேட்டிருந்தான். எல்லாரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. செய்தி பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளட்டும்.

திரும்பி வரும் வழியில் ரந்தாவ் தாண்டியதும் ரதி என் பக்கம் திரும்பினாள். அப்புறம் ஒரே வரி: "பேசாம கழுத்துல மணி கட்டிக்குங்க."

ஜூன் 12, புதன்

பளீரை எடுத்துவிட்டேன். திரை அணையாமல் எப்போதும் மணி காட்டும் இன்னொரு வசதி இருக்கிறது, வைத்துப் பார்த்தேன். மதியத்துக்குள் பேட்டரி காலி. இதுவரை விளக்குதான் இல்லை. இப்போது போனே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

சுகுமாறன் டிராக்டர் கொட்டகையில் தனியாகப் பேசிப் பழகுகிறான் என்று வள்ளியம்மா சொன்னார். கோயில் சமையலுக்கு அவர்தான் தலைமை. தோட்டத்துச் செய்திகளுக்கும் அவர்தான். சும்மா நடக்கிற மாதிரி அதை ஒட்டிய உரக்கொட்டகைப் பின்பக்கம் போய் நின்று கேட்டேன். உரநாற்றம் கண்ணைக் கரித்தது. அசையவில்லை.

திக்குகிறான். "பக்தகோடிகளே" என்பதில் இரண்டு முறை வழுக்கினான். ஒரு ஜோக் இல்லை. மூச்சு எங்கே விடுவது என்றே தெரியவில்லை. இத்தனை சந்தோஷம் எனக்கு மாதவி பாஸானபோதுகூட வந்ததில்லை. நேராகக் கடைக்குப் போய் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டேன். அங்கே வள்ளியம்மா பிடித்துக்கொண்டார்.

"என்னா கிராணி, இந்த வருசம் வாய்க்கு லீவா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏறியது. அட போங்கடா! பதினேழு வருசம் தொண்ட கிழிய கத்துனவன் நானு. மழையில கரண்டு போனப்போ மைக் இல்லாமலே கூட்டத்தப் பிடிச்சு வச்சிருந்தவன் நானு. ஒரு பொட்டு லைட்டுக்காக என்னைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அண்ணன் இல்லாம நல்லா இருக்காதுன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொன்னானா?

சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நாளை திருவிழா. ரதி காய் நறுக்க இன்றே கோயிலுக்குப் போய்விட்டாள். புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். அவன் திக்கித் திணறி, யாராவது ஓடிவந்து என்னைக் கூப்பிட்டால்? கசங்கிய சட்டையோடு மேடை ஏற முடியுமா?

ஜூன் 23, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை.

நேற்று முழுக்க ஸ்பீக்கர் பக்கத்திலேயே கைகட்டி நின்றேன். சுகுமாறன் தாளைப் பார்த்துப் படித்தான். பால்குடம் எடுப்பவர்கள் வரிசையில் நிற்கவும். வெள்ளைக் கார் வழியை மறைக்கிறது. பிள்ளையின் ஒரு கால் செருப்பு கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் அவன் பேச்சு. ஆனால் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. என் காலத்தில் அன்னதானம் இரண்டு மணிக்கு முன்னால் ஆரம்பித்ததில்லை. நேற்றுப் பன்னிரண்டரை.

சோறு போடுவதற்கு முன் இன்னொரு தாளை எடுத்தான். "வெடியக்காலம் மூணு மணிலருந்து அடுப்படியில நின்னவங்க பேரச் சொல்றேன். வள்ளியம்மா. ரதி அக்கா..." பதினொரு பேர். ஒவ்வொரு பேருக்கும் நிறுத்தினான். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல்.

நான் அந்த இடத்தில் வருடா வருடம் என்ன சொல்வேன்? "சமையல் குழுவினருக்கு நன்றி, சாம்பாரில் உப்பைத் தேட ஆள் அனுப்பியிருக்கிறோம்." நல்ல சிரிப்பு வரும்.

ரதி கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புப் புகை இல்லை. அடுப்பை அணைத்து அரை மணி ஆகியிருந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் பேசி அவள் அப்படித் துடைத்ததாக ஞாபகம் இல்லை. இன்னொருத்தன் வாயிலிருந்து என் பெண்டாட்டியின் பேர் நாலு ஸ்பீக்கரிலும் வருகிறது, அவளுக்கு முகம் மலர்கிறது. விளக்கு, மைக் எல்லாம் போகட்டும். இது எரிந்தது பார், அது எரிச்சல்.

வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கோபமே இல்லை குரலில்.

"பதினேழு வருசம் மைக்கு உங்க கையிலதானே இருந்துச்சு?"

ஜூன் 24, திங்கள்

விசுவலிங்கம் ஐயா ஆபீசுக்கு வந்தார். அடுத்த வருடமும் சுகுமாறனே பேசட்டும் என்று கமிட்டி நினைக்கிறதாம். "ஐசே அர்ச்சுனன், உமக்கு ஆட்சேபணை இல்லைதானே?" என்றார்.

கதையை முழுக்கச் சொன்னேன். லோரி ஏறியது, மாதவி அனுப்பிய ஓட்டுத் துண்டு, விளக்கு இல்லாமல் போனதால் பதினொரு மணிவரை செய்தி தெரியாமல் உட்கார்ந்திருந்த என் பரிதாபம், மம்பாவில் கிழவர் முகத்தில் அடித்த பளீர் — நடித்தே காட்டினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த நோட்டிலும் பதினொன்று என்றுதான் எழுதியிருக்கிறேன்.

சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். முப்பது வருடம் பெரட்டில் வந்தவன் யார், வந்துவிட்டு ஒளிந்தவன் யார் என்று பார்த்த மனிதர். தன் போனை எடுத்து அந்தச் செய்தியைத் தேடி, விரலால் அழுத்தி, என் முன்னால் வைத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனார். யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று, அனுப்பியவருக்கு மட்டும் அது காட்டுமாம்.

அனுப்பிய நேரம் காலை 6.42. அர்ச்சுனன் படித்தது 6.43. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன், யாராவது கெஞ்சட்டும் என்று.