குங்குமம் பட்ட பிராங்க்

ஆயுத பூஜை, இரவு. உறுவையாறு.

பிரான்சில் யூரோ வருவதற்கு முன் அச்சான பிராங்க் நோட்டு. ஒரு மடிப்பு இல்லை, கைரேகை இல்லை. பழைய நோட்டு சேர்ப்பவன் நான்; இதை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். என் மனைவி செல்வி இன்று அதை வெளியே எடுத்து, டிராக்டர் சாவிக்குப் பக்கத்தில் படைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? கைபடாத நோட்டுடி! இனிமே எவன் இத வாங்குவான்?" என்று கத்திவிட்டேன்.

"வண்டிக்கும் மோட்டாருக்கும் வெச்சேன். நீங்க உசுரா வெச்சிருக்கிறத மட்டும் வுட்டுட முடியுமா?" என்றாள். அப்புறம் சுண்டல்கூட சாப்பிடவில்லை.

பஞ்சால் துடைக்கப் போனேன். மனம் வரவில்லை. கை மாறுவதற்குத்தான் நோட்டு அடிக்கிறார்கள். இது யார் கைக்கும் போகாமலே செல்லாததாகிவிட்டது. முதலில் தொட்டவள் செல்விதான். இத்தனை வருஷமும் நான்கூட இடுக்கியால்தான் எடுத்திருக்கிறேன்.