தேகுவில் குளிர்காற்று

என் செல்ல மகனே தேஹோ,

நம் ஊர் தேகுவுக்குக் குளிர்காற்று வந்துவிட்டது! காலையில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். வீடே புதுசாகிவிட்டது.

கோடை முழுக்க உள்ளேயே கிடந்து புலிப் படங்களாக வரைந்து தள்ளினேன். எழுந்து உட்காரத் தெம்பில்லாத நாட்களில் சாய்ந்தபடியே மீசை மட்டும் வரைவேன். வெயில் கொடுமை, லீவுக்கு வராதே என்று உனக்கு எழுதினேன் அல்லவா? வெயிலும் கொடுமையாகத்தான் இருந்தது.

இன்று நம் தெருவில் இலையுதிர்காலச் சந்தை. பக்கத்து வீட்டு ஓக்சூன் வந்து நின்றாள். "தேஹோ அம்மா, புலிய எல்லாம் வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சு என்ன பண்ணப் போறீங்க? கெளம்புங்க!"

தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போனேன். படங்களைக் கயிற்றில் மாட்டும்போது ஒரு காற்று அடித்தது பார், துணி பறந்தே போய்விட்டது! ஓக்சூன் அதைப் பிடிக்க ஓடினாள்.

"விடுடி, போகட்டும்!" என்று கத்தினேன். புதிதாய் முளைத்திருந்த முடிக்குள் காற்று சிலுசிலுவென்று புகுந்தது. அவள் திரும்பி என் தலையைப் பார்த்தாள்.

"பட்டாளத்துக்குப் போனது உங்க பையனா, நீங்களா?"

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

போன வாரம் டாக்டரும், "இனிமே மருந்து வேண்டாம்மா, வசந்தத்துல ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். மற்றதையெல்லாம் நேரில் சொல்கிறேன். இந்த லீவுக்குக் கண்டிப்பாக வா. ஸ்டேஷனுக்கு நானே வருவேன், வெறுந்தலையோடு.

உன்
அம்மா