நனையாத துப்பட்டா

28 ஏப்ரல் 1997, திங்கள்

கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் சமன்பாடாக இருப்பதால் அம்மா புரட்ட மாட்டாள்.

போன வருட மழையில் நிரம்பிய அயனம்பாக்கம் ஏரி இன்னும் வற்றவில்லை. இந்தக் கோடைக்கு இளைஞர் மன்றம் அதில் மிதிபடகு விடுகிறது. யாராவது தண்ணீரில் விழுந்தால் காப்பாற்ற இரண்டு சின்னத் துடுப்புப் படகுகள். அவற்றுக்கு லீவில் இருக்கிற மாணவர்களை எடுக்கிறார்கள். ஒன்றில் பையன்கள், ஒன்றில் பெண்கள். குடும்பத்துப் பெண்களைப் பையன்கள் தொட்டுத் தூக்கினால் சண்டை வருமாம்.

செல்விதான் இழுத்துக்கொண்டு போனாள். அருள்செல்வி, என் வகுப்பு, பக்கத்துத் தெரு. "இன்னாடி முழிக்கிற? நீச்சல் தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சோதனையில் மாட்டிக்கொள்வேன் என்று அப்போதே தெரியும்.

ஆனால் சோதனையே இல்லை. பையன்கள் மட்டும் மதகுவரை நீந்தித் திரும்பினார்கள். கப்பலில் இருந்து ரிட்டயர் ஆன பார்த்தசாரதி சார்தான் பொறுப்பு. எங்களைப் பார்த்து நெளிந்தார். "வயசுப் பொண்ணுங்களை இத்தனை பேர் முன்னாடி ஈரத்துணியோட நிக்க வைக்க முடியாதும்மா. நீச்சல் தெரியும்னு பெரியவங்க யாராவது எழுதித் தரட்டும்."

எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அந்த நிம்மதியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

29 ஏப்ரல்

கோயில் கான்வென்டில் சிஸ்டர் லூர்து மேரி எழுதிக் கொடுத்தார்கள். "எங்க கத்துக்கிட்ட ஜெசிந்தா?" "அம்மா ஊர்ல, கிணத்துல சிஸ்டர்." கிணற்றில் கற்றுக்கொண்டது அண்ணன். நான் மேலே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

சிஸ்டரின் கையெழுத்து எவ்வளவு அழகு.

3 மே

ஆரஞ்சு தொப்பி கொடுத்தார்கள். கண்ணாடியில் நான்கு தடவை பார்த்தேன்.

7 மே

விதி இதுதான். துடுப்புப் போடுகிறவள் எக்காரணம் கொண்டும் படகை விட்டு இறங்கக் கூடாது. மற்றவளிடம் கயிறு கட்டிய லாரி டியூப் இருக்கும். அதை வீச வேண்டும். எட்டவில்லை என்றால் அவள்தான் குதிக்க வேண்டும்.

செல்விக்குத் தோள் பலம். துடுப்பு அவளுக்கு, டியூப் எனக்கு.

செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஏரி நடுவில் இருக்கிறது. அங்கே மூங்கிலில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். மீன் பிடிக்கிற உத்தமன் அண்ணன் சொன்னார்: "அங்க ரெண்டு ஆளு ஆழம் கீது பாப்பா. உசாரு."

தினமும் ஒரே ஜெபம். யாரும் விழக் கூடாது. செல்வி என்னவென்றால், "ஒருத்தனாச்சும் விழமாட்றானே, போரடிக்குதுடி" என்கிறாள்.

18 மே, ஞாயிறு

கடவுளே.

19 மே

எழுதிவிட வேண்டும்.

நேற்று நாலரை மணி. சரியான கூட்டம். மிதவைச் சட்டைகள் குழந்தைகளுக்கே போதவில்லை. பட்டாபிராமிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், பெயர் பால்ராஜ் என்று பிறகு தெரிந்தது, மகளுக்கு அல்லி பறிக்க எழுந்து நின்றார். சிவப்புத் துணிக்குப் பக்கத்தில். விழுந்துவிட்டார். அந்தக் குழந்தை கத்தவில்லை. அப்பாவின் ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டது.

செல்வி நாலே தள்ளலில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் டியூபை வீசினேன். பாதி தூரத்தில் சுண்டி நின்றது. கயிறு என் காலில் மாட்டியிருந்தது.

"குதிடி!"

பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஜெசி, குதிடி! ஆள் போறான்டி!"

"எனக்கு... செல்வி, எனக்கு..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். அந்த ஆள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு தலையும் உள்ளே போனது. படகு என்னைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. துடுப்பும் போடத் தெரியவில்லை. கரையிலிருந்து உத்தமன் அண்ணன் வந்து இரண்டு பேரையும் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். பையன்களின் படகு அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது. செல்விக்கு மார்பில் தண்ணீர். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தொட்டுப் பார்த்தாள். "நல்ல வேள, துப்பட்டாகூட நனையலியே."

20 மே

பார்த்தசாரதி சார் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "துடுப்பை விட்டுட்டுக் குதிச்சதாலதான் ரெண்டு உயிர் போகப் பார்த்தது. அந்தப் பொண்ணு இனி வேண்டாம். ஜெசிந்தா பயப்படாம படகுலயே இருந்தா பாருங்க. அதுக்குப் பேர்தான் ஒழுங்கு."

கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

22 மே

செல்வி வீட்டுக்கு வந்துவிட்டாள். பார்க்கப் போனேன். அவள் அம்மா ஆரோக்கியம்மாள் எனக்கு டீ கொடுத்து, அவளைத் திட்டினாள். "ஜெசி கணக்கா அடக்கமா குந்திகினு இருந்தா இன்னா? எல்லாத்துக்கும் அவசரம் இவளுக்கு."

செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. நான் எழுந்தபோது மட்டும், "போடி. தொப்பியப் போட்டுகினு ஜோரா நில்லு" என்றாள்.

24 மே, சனி

கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம். அம்மாவை எதிர்த்துப் பேசியது, தம்பியின் பென்சிலை எடுத்தது எல்லாம் சொன்னேன். "வேறென்னம்மா?" என்று ஃபாதர் கேட்டார். "அவ்வளவுதான் ஃபாதர்."

அந்த இடத்திலும் பொய்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். கயிறு என் காலில் மாட்டவில்லை. என் கால் கயிற்றின்மேல் இருந்தது. வீசும்போதே தெரியும். காலைத் தூக்கினால் கயிறு என்னையும் தண்ணீருக்குள் இழுத்துவிடும் என்று பயந்து, தெரிந்தே அழுத்தி நின்றேன்.

25 மே

செல்வி இடத்துக்கு ஜமீலா வந்திருக்கிறாள். அத்திப்பட்டில் வீடு. துடுப்பு நன்றாகப் போடுகிறாள், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள். சிவப்புத் துணியைத் தாண்டும்போது குனிந்து சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. எனக்கு நீச்சல் வராது. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பொய் சொல்லி லெட்டர் வாங்கிட்டேன். நீ கூட இருக்கியே, அந்த தைரியம்தான்."

எதிரே ஒரு மிதிபடகு. அதில் மூன்று குழந்தைகள், ஒரு பாட்டி. எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். ஜமீலாவும் ஆட்டினாள்.

என் கை எழவில்லை.

26 மே

சொல்லிவிட்டேன். காலையில் படகை அவிழ்க்கும் முன்பே.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது. செல்வி குதிச்சது நான் குதிக்காததாலதான்." ஜமீலா பெயரைச் சொல்ல மனம் வரவில்லை. அவளே பக்கத்தில் வந்து நின்று, "எனக்கும்தான் சார்" என்றாள்.

சார் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். "லெட்டர் கேட்டது நான்தானே" என்று தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். பிறகு கையை நீட்டினார். தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன்.

பெண்களின் படகைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

அப்பா அடித்தார். அம்மா, "இனி அந்தக் கன்னியாஸ்திரி மூஞ்சில எப்படிடி முழிப்ப?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

28 மே

சிஸ்டர் முன்னால் போய் முழித்தேன். மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. "கையெழுத்துப் போட்டது நான். உன்னை ஒரு தடவை தண்ணியில பார்த்துட்டுப் போட்டிருக்கணும்." அடித்திருந்தால் தேவலை.

செல்வி வீட்டுக்கும் போனேன். கதவைத் திறக்கவில்லை. ஆரோக்கியம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தாள். இன்று டீ இல்லை.

2 ஜூன்

உத்தமன் அண்ணனின் மனைவி வேம்புலியம்மாள் எங்களுக்குக் கற்றுத்தருகிறாள். சாரின் ஏற்பாடு. மதகுக்கு அந்தப் பக்கம், விடியற்காலையில். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சார் தடி ஒன்றோடு வழியில் உட்கார்ந்திருக்கிறார், எங்களுக்கு முதுகைக் காட்டி.

"இன்னா பொண்ணுங்கடி நீங்க! தண்ணி இன்னா கடிக்குமா? மூஞ்ச உள்ள வுடு!"

மூக்கில் தண்ணீர். வாயில் பாசி. துப்பட்டா, சட்டை, தலை எல்லாம் நனைந்தது. அழுதேன். தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை.

14 ஜூன், சனி

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இனி சனி, ஞாயிறு மட்டும்தான் படகு.

இன்று பெண்களுக்குச் சோதனை. ஜமீலா மதகுவரை போய்விட்டாள். நான் பாதியில் நின்றுவிட்டேன். இன்னும் ஒரு மாதம் என்றாள் வேம்புலியம்மாள்.

செல்வியை சார் நேரில் போய்க் கூப்பிட்டாராம். வந்திருந்தாள், ஆரஞ்சு தொப்பியோடு. என் பக்கம் திரும்பவே இல்லை. நீந்துகிறவர்களுக்குத் துணையாக அவள் டியூபோடு தண்ணீரில் இறங்க வேண்டும். கரையில் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என் முறை முடிந்து சும்மா நின்றது நான் ஒருத்திதான்.

கயிற்றின் முனையை என் கையில் வைத்தாள். இருபத்துமூன்று நாளுக்குப் பிறகு பேசினாள்.

"புடி. இந்தத் தபா கால அதும்மேல வெக்காத."

கயிறு விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டில் மட்டும்தான் எழுதினேன். அப்படியென்றால் அன்றே பார்த்திருக்கிறாள்.

அவள் தண்ணீரில் இறங்கி நெஞ்சளவு போகும்வரை குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.