நிலவறையில் மூவர்

கிளிப்ரஸ்ட் பண்ணை, பார்ல், தென்னாப்பிரிக்கா
4 மார்ச் 1998

அன்புள்ள டினா,

திராட்சை அறுவடை முடிந்தது. உன் அகழாய்வு ஆட்கள் பழைய ஒயின் நிலவறையின் செங்கல் தளத்தைப் பெயர்த்தார்கள். கீழே மூன்று எலும்புக்கூடுகள், ஒன்று குழந்தை. அளவெடுத்து, துணி போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் முன்னோர் முதலில் போட்ட தளமாம் அது.

அன்றிலிருந்து நான் உள்ளே போனால், யாரோ வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்குவது போலிருக்கிறது. அண்ணன் கோபஸ், "செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சிமென்ட் போட்டு மூடு, கல்யாணக் கூடம் ஆக்கணும்" என்கிறான். ஒருமுறை வந்து போயேன். நீயும் இங்கே பிறந்தவள்தானே.

உன் லெட்டி

கேப்டவுன்
9 மார்ச்

லெட்டி,

மூட விடாதே. பெரியவர்கள் இருவருக்கும் முன்பற்கள் அராவிக் கூராக்கப்பட்டிருக்கின்றன. அது மொசாம்பிக் பக்கத்து வழக்கம். கப்பலில் வந்த அடிமைகளாகத்தான் இருக்கவேண்டும்.

முப்பது வருஷம் உங்களுக்குச் சமைத்த என் அம்மா அந்த அறைக்குள் மட்டும் போகமாட்டாள். "அங்க ஆளு இருக்காங்கடி" என்பாள். நாம் இருவரும் சிரித்தோம், ஞாபகம் இருக்கிறதா?

என் குடும்பப் பெயர் பிப்ரவரி. அடிமையாக வந்த என் முன்னோருக்கு, வாங்கிய மாதத்தைப் பார்த்து எந்த எஜமானோ வைத்த பெயர். அந்த மூவரும் எனக்கு உறவா, தெரியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன்.

டினா

கிளிப்ரஸ்ட்
13 மார்ச்

டினா,

வராதே. நேற்று கோபஸ் சிமென்ட் ஊற்றிவிட்டான். நான் வெளியூர் போயிருந்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை, இங்கேதான் இருந்தேன். "எந்த இடம், காட்டு" என்றான். காட்டினேன். குழந்தையின் குழி முதலில் நிறைந்தது.

மன்னிப்பாயா?

லெட்டி

கிளிப்ரஸ்ட்
20 ஏப்ரல்

டினா,

நீ பதில் போடவில்லை. போடவும் வேண்டாம்.

சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்தால் என்னையறியாமல் மூன்று கூடுதலாக வைத்துவிடுகிறேன். கோபஸ் ஒருநாள் அவற்றை எண்ணிப் பார்த்தான். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்றான். மறுநாள் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டான்.

பிறகு நானே உடைத்தேன். கடப்பாறையும் உளியுமாகப் பதினொரு நாள். பெரியவர்கள் இருவரும் போர்த்திய துணிக்கடியில் அப்படியே இருக்கிறார்கள். குழந்தையின் விரல்களில் மட்டும் சிமென்ட் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்ட எனக்குக் கை வரவில்லை. சுரண்டினால் விரலும் கூடவே வந்துவிடும். உனக்குத்தான் அந்த வேலை தெரியும்.

வியாழக்கிழமை நான் வீட்டில் இருக்கமாட்டேன். கதவு திறந்திருக்கும். என்னைப் பார்க்க வரவேண்டாம். அவர்களுக்காக வா.

லெட்டி