இரண்டு விதமான வேர்வை

கிணத்துக்கடவு,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பொற்கொடி எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன். அந்தச் சத்தீஸ்கர் வெயிலில் நீங்களும் போர்வெல் வண்டியில் இருக்கிற மற்ற எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போர் ஓடுகிற சத்தத்தில் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டால் சமையல்கார வெங்கடபதி அண்ணன் பதில் சொல்கிறார். இந்தச் சமாச்சாரத்தை எட்டு ஆண்களுக்கு நடுவே என்னால் சொல்ல முடியாது. அந்த அண்ணன்தான் இப்போது ஊருக்கு வந்திருக்கிறார், லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறார். அவர் கையில் ஒட்டிக் கொடுக்கிறேன்.

பின்பக்கத் தென்னையில் வெள்ளை ஈ மறுபடியும் வந்திருக்கிறது. நம் பெண் பிரியாவுக்குக் கோயமுத்தூரில் கடைசி வருஷப் பரீட்சை நடக்கிறது. உங்கள் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு வாங்கி அனுப்புகிறேன். தலைவலி வந்தால் மட்டும் போடுகிற மாத்திரை இல்லை அது, தினமும் போட வேண்டும்.

எனக்கு மாதவிலக்கு நின்று பத்து மாதம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தை மாதக் குளிரில் நான் ஃபேனை ஐந்தில் வைத்ததற்குக் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனீர்களே, அதற்குக் காரணம் இதுதான். நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகம் வரை ஏறும், ரவிக்கை நனைந்துபோகும், நெஞ்சு படபடக்கும். ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

எனக்கு அது அப்போது என்னவென்று தெரியாது. சர்க்கரை மாத்திரை ஆரம்பித்த அன்று டாக்டர், திடீரென்று வேர்த்துப் படபடத்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம், உடனே இனிப்பு சாப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார். வேர்வை என்றால் எனக்கு அந்த ஒரே அர்த்தம்தான். நான் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் சீட்டுக்கு அடியில் கமர்கட் டப்பா வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு முறை வேர்த்தால் ஆறு கமர்கட். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ போயிருந்தது. இனிப்பு சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அடிக்கடி சர்க்கரை இறங்குகிறது என்று சொன்னால் வேன் ஓட்டக் கூடாது என்பாரோ என்று பயம். அவர் என்னை நம்பி மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்.

போன மாதம் பிரியா அந்த டப்பாவைக் கண்டுபிடித்தாள். நான் திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறேன் என்று ஒரு பாட்டு பாடி முடித்துவிட்டு, கோயமுத்தூரில் சாயிரா பானு என்கிற லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதலில் கேட்டதே மாதவிலக்கைப் பற்றித்தான். மாதவிலக்கு நிற்கிற வயதில் வருகிற சூடு அது என்று புரிந்தது. இந்த வயதில் எல்லா வேர்வையும் சர்க்கரை இல்லை, ஒவ்வொரு முறையும் விரலைக் குத்திச் சர்க்கரை மீட்டரில் பாருங்கள், இறங்கியிருந்தால் மட்டும் இனிப்பு என்றார். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை போடுகிறேன் என்றேனே தவிர, அது இரண்டு மடங்கானதையோ வேன் ஓட்டுவதையோ சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் பாதியைத்தான் காதில் வாங்கினேன். எல்லாம் வெறும் சூடுதான் என்று நிம்மதியாகக் கமர்கட் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். வாங்கிய மீட்டர் பைக்குள்ளேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வேனில் பதினாலு குழந்தைகள். வேர்த்தது. சூடுதானே, போய்விடும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தேன். அரசம்பாளையம் பிரிவில் இரண்டு குழந்தைகள் நிற்பார்கள். நிறுத்தாமல் போனேனாம். வேனில் கூட வருகிற ஆயா பழனியாத்தாள் அக்கா மூன்று முறை கூப்பிட்டதற்கு, இன்றைக்கு லீவு என்று பதில் சொன்னேனாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. தோளில் ஒரு கை பட்டது மட்டும் தெரியும்.

"அம்மணி, மெதுவா ஓரங்கட்டு கண்ணு. ஒண்ணுமில்ல, ஓரங்கட்டு."

கட்டினேன். அக்கா தன் பாட்டிலில் இருந்த சர்க்கரைக் காப்பியைக் குடிக்க வைத்தார். பிறகு குத்திப் பார்த்தபோது அப்போதும் ஐம்பத்திரண்டுதான், எழுபதுக்குக் கீழே போகவே கூடாதாம். வண்டி ரிப்பேர், இன்றைக்கு ஸ்கூல் இல்லை என்று நினைத்துக் குழந்தைகள் பின்னால் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா, அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் கேட்கிறது.

திங்கட்கிழமைக்குள் வேன் முதலாளியிடம் நானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தான் சொல்லிவிடுவேன் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருந்தும் புதன், வியாழன், இன்று மூன்று நாளும் நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு டிரிப்புக்கு முன்னாலும் குத்திப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினேன். திட்டுங்கள், திட்ட வேண்டியதுதான். பத்து வருஷமாக ஓட்டுகிறேன். களத்தில் வைத்து நீங்கள்தான் கிளட்சைப் பழக்கினீர்கள். அதை விட்டால் நான் வெறும் நோயாளி என்று தோன்றிவிட்டது.

சனிக்கிழமை மாலை.

நேற்று அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். பதினாலு குழந்தைகளை உட்கார வைத்து என் ரோஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

காலையில் சர்க்கரை டாக்டரிடம் போய் இரண்டு டாக்டர்களின் மருந்துச் சீட்டையும் மேசையில் வைத்து, கமர்கட்டிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கமர்கட் நின்றபின் இரண்டு மடங்கு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று சொல்லிப் பழையபடி குறைத்துவிட்டார். தினமும் நாலு வேளை பார்த்து எழுதி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். அதுவரை வண்டி கூடாது. அதற்கப்புறம் உண்டா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போமில் எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

அங்கிருந்து நேராக முதலாளி கோவிந்தராஜுலுவிடம் போய்ச் சாவியை வைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "எம்பட பேத்தியும் அந்த வண்டியிலதானுங்க வருது" என்றார். அவ்வளவுதான். அது கோபமா, இல்லை இப்போதாவது சொன்னேனே என்ற ஆறுதலா, எனக்கு விளங்கவில்லை.

இதை எழுதும்போதும் வேர்க்கிறது. குத்திப் பார்த்தேன், நூற்று முப்பது. அப்படியானால் இது வெறும் சூடு. என் உடம்பு சொல்வதை நானே நம்ப முடியாமல் ஒரு மெஷினைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிரியாவுக்குச் செவ்வாய்க்கிழமை நடந்தது தெரியாது. பரீட்சை முடிந்ததும் நானே சொல்வேன். நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். மழைக்காலத்தில் போர் வண்டி ஊர் திரும்பும்போது வந்தால் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கும். புதன்கிழமை காலை ஏழே காலுக்கு வேறு யாரோ ஓட்ட, அந்த வேன் நம் வாசலைத் தாண்டிப் போகும். அந்த ஹார்ன் எனக்கு எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். சரியாக அந்த நேரத்துக்குப் போன் பண்ணுங்கள். போர் வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போடாதீர்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசவே வேண்டாம், போனைக் காதில் வைத்திருங்கள்.

மாசாணியம்மன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்,
பொற்கொடி.